விளக்கின் முதுகைப் பாருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

பழைய உதிரிபாகங்களைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹெட்லைட்டைப் பற்றியவையாகவே இருந்ததால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பின்னோக்கி வந்த ஒரு வண்டி இடித்ததில் என் காரின் இடது ஹெட்லைட் உடைந்துவிட்டது. புதியது வாங்கும் நிலையில் நான் இல்லை. பழைய பாகங்கள் விற்பவர் ஒருவர், “இந்த மாடலுக்கு எல்லாம் ஒரே விளக்குதான், கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம்” என்கிறார். அவர் சொல்வதை நம்பலாமா?

பதில்: அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன்; ஆனால் கண்ணைத் திறந்துகொண்டே மாட்டுங்கள். ஒரே பெயரில் விற்கப்படும் கார், அதன் உற்பத்திக் காலத்துக்குள் மூன்று நான்கு விதமான ஹெட்லைட்டுகளோடு வெளிவந்திருப்பது மிகச் சாதாரணம். ஒரு மாடல் வந்து மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் ஆனதும், நிறுவனம் அதன் முகத்தை மட்டும் சற்றே திருத்தி மறுபடியும் விற்பனைக்கு விடும். அந்தத் திருத்தத்தில் முதலில் மாறுபவை பம்பர், கிரில், ஹெட்லைட் ஆகிய மூன்றும்தான். திருத்தத்துக்கு முந்தைய விளக்கும் பிந்தைய விளக்கும் படத்தில் அண்ணன் தம்பி போலத் தெரிந்தாலும், பம்பரை ஒட்டி வரும் கீழ் விளிம்பின் வளைவு ஒரு விரற்கடை மாறியிருந்தால்கூட ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது.

ஒரே ஆண்டில் வெளிவந்த கார்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. விலை குறைந்த வகையில், டிம்மும் பிரைட்டும் ஒரே பல்பில் எரியும் எச்4 என்னும் ஹாலஜன் பல்பும், ஒளியை முன்னே திருப்பும் சாதாரண ரிஃப்ளெக்டரும் இருக்கும்; அதற்கு மேற்பட்ட வகையில் உருண்டை லென்ஸ் கொண்ட புரொஜெக்டரும் எச்7 அல்லது எச்11 பல்பும் இருக்கும்; உச்ச வகையில் செனான் அல்லது எல்.இ.டி. இருக்கும். வெளிக்கூடு மூன்றுக்கும் ஒன்றாகவே இருப்பதால், கடைக்காரர் “மாட்டலாம்” என்று சொல்வது போல்ட் துளைகளைப் பொறுத்தவரை உண்மையாகவே இருக்கலாம். பின்பக்கம் செருகும் கனெக்டரில் உங்கள் வண்டியில் ஆறு பின் (உலோக ஊசி) இருக்க, அந்த விளக்கில் பத்து பின் இருக்கும்போதுதான் சிக்கல் வெளிப்படும். ஆண்டைச் சொல்லி வாங்குவதிலும் ஒரு பிசகு இருக்கிறது: பதிவுப் புத்தகத்தில் இருக்கும் ஆண்டு வேறு, கார் தொழிற்சாலையை விட்டு வந்த ஆண்டு வேறு. ஆண்டுத் தொடக்கத்தில் பதிவான கார் பெரும்பாலும் முந்தைய ஆண்டில் தயாரானதாகத்தான் இருக்கும்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் உடைந்த விளக்கைக் கழற்றி, அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் தாள் லேபிளில் கார் நிறுவனத்தின் பாக எண் இருக்கும். இந்த எண்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. டொயோட்டாவில் முதல் ஐந்து இலக்கங்கள் பாகம் எதுவென்று சொல்லும்: 81110 என்று தொடங்கினால் வலது ஹெட்லைட், 81150 என்று தொடங்கினால் இடது, அதற்குப் பின் வரும் ஐந்து இலக்கங்கள்தான் அது எந்தக் காருக்கு, எந்த வகைக்கு உரியது என்பதைக் காட்டும். ஹூண்டாயில் 92101 இடது, 92102 வலது. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தில் பொதுவாக இடப்பக்கப் பாகத்துக்கு ஒற்றைப்படை எண்ணும் வலப்பக்கத்துக்கு இரட்டைப்படை எண்ணும் வரும். எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து ஒட்டியிருந்தால் அதை அலட்சியம் செய்ய வேண்டாம். அது வெறும் சிறு திருத்தத்தையும் குறிக்கலாம், முற்றிலும் வேறு வகையையும் குறிக்கலாம். நிறுவனத்தின் பாகப் பட்டியலில் பழைய எண்ணுக்குப் பதிலாகப் புதிய எண் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அந்த எழுத்து வேறுபாட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இடது, வலது என்பதிலேயே எத்தனை பேர் தவறுகிறார்கள் என்பதை எனக்கு வந்து குவியும் கடிதங்களே காட்டுகின்றன. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னே பார்க்கும்போது இடக்கைப் பக்கம் இருப்பதே இடது விளக்கு. காருக்கு முன்னால் நின்று பார்த்தால் அது உங்கள் வலக்கைப் பக்கம் தெரியும். தொலைபேசியில் ஆர்டர் சொல்லும்போது “ஓட்டுநர் பக்கம்” என்றும் சொல்ல வேண்டாம், ஏனெனில் ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பொருளே மாறிவிடும்.

கேள்வி: நீங்கள் சொல்லும் லேபிள் என் விளக்கில் வெளிறி உதிர்ந்துவிட்டது. எண்ணே இல்லாதபோது எதை வைத்துத் தேடுவது?

பதில்: என்ஜின் சூட்டில் லேபிள் கருகிப்போவது வாடிக்கைதான். அப்போது வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொடுத்து, அந்த நிறுவனத்தின் பாகங்கள் விற்கும் இடத்திலேயே சரியான பாக எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். வாங்குவது பழையதாக இருந்தாலும் எண் புதியதன் பட்டியலிலிருந்து வருவதே நம்பகமானது. ஒரு பாகம் வேறு எந்தெந்தக் கார்களுக்குப் பொருந்தும் என்பதைத் தொகுத்துத் தரும் ஹாலண்டர் போன்ற ஒப்பீட்டுப் பட்டியல்களும் பழைய பாக வணிகத்தில் வெகுகாலமாகப் புழங்குகின்றன.

லென்ஸின் மேலே, பெரும்பாலும் ஒரு மூலையில், விளக்கைச் செய்த நிறுவனத்தின் பெயரும் ஒரு குறியீட்டு எண்ணும் பொடி எழுத்தில் இருக்கும். கொய்டோ, ஸ்டான்லி, இச்சிகோ போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் விளக்குகளைத் தேடுபவர்கள் இந்த லென்ஸ் எண்ணைக் கொண்டே தேடுவார்கள். ஆனால் கூட்டின் பிளாஸ்டிக்கிலேயே வார்க்கப்பட்டிருக்கும் எண்ணை மட்டும் முழுமையாக நம்ப வேண்டாம். பல நேரங்களில் அது அந்தப் பிளாஸ்டிக் துண்டின் எண்ணாக இருக்குமே தவிர, முழு விளக்கின் எண்ணாக இருக்காது. ஹாலஜனுக்கும் செனானுக்கும் ஒரே கூடு பயன்படும்போது இரண்டிலும் அதே எண்தான் இருக்கும்.

எண் எதுவும் கிடைக்காவிட்டால் படம் பேசும். விளக்கை நேர் முன்னாலிருந்தும், முதுகுப் பக்கமிருந்தும், கனெக்டரின் வாய்க்குள் பின்கள் எண்ணும்படி நெருக்கமாகவும் மூன்று படம் எடுத்து அனுப்பி, விற்பவரிடமிருந்து அதே மூன்று படத்தைக் கேளுங்கள். முன்பக்கப் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு “சார், அதேதான்” என்று சொல்பவரிடம் அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து கழற்றி வந்த ஹெட்லைட் ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. பாக எண்ணின் கடைசி இலக்கங்கள் மட்டுமே வேறு. காரில் அச்சாகப் பொருந்துகிறது, கனெக்டரும் சரி. அந்த நாட்டில் வண்டிகள் சாலையின் எதிர்ப்பக்கம் ஓடுபவை. இதனால் ஏதும் வேறுபாடு உண்டா?

பதில்: உண்டு, அதுவும் உங்களுக்குத் தெரியாமல் எதிரே வருபவருக்கு மட்டும் தெரியும் வேறுபாடு. டிம் வெளிச்சம் இருபுறமும் ஒரே உயரத்தில் விழுவதில்லை. எதிரே வண்டி வரும் பக்கத்தில் அது தாழ்ந்து, கத்தியால் வெட்டியது போன்ற கோட்டோடு நின்றுவிடும். சாலையோரப் பக்கத்தில் மட்டும், நடந்து போகிறவர்களும் பெயர்ப்பலகைகளும் தெரிவதற்காக, ஏறக்குறைய 15 டிகிரி சாய்வில் மேலே ஏறும். வண்டிகள் இடப்பக்கம் ஓடும் நாட்டில் அந்த ஏற்றம் இடப்பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கம் ஓடும் நாட்டின் விளக்கை இங்கே மாட்டினால், ஓரத்துக்குப் போக வேண்டிய வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் ஏறும். ஓரத்தில் நடப்பவர் இருட்டில் நிற்பார். ஸ்க்ரூவைத் திருகி விளக்கைத் தாழ்த்தினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. தாழ்த்தினால் கண்கூச்சம் குறையும் என்பது உண்மை. ஆனால் வடிவம் வடிவமாகத்தான் இருக்கும், உங்கள் பார்வைத் தூரம்தான் பாதியாகும்.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். ஐக்கிய நாடுகள் விதிமுறைப்படி அங்கீகாரம் பெற்ற விளக்கின் லென்ஸில், ஒரு வட்டத்துக்குள் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் அங்கீகாரம் வழங்கிய நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 4 நெதர்லாந்து. அங்கீகாரம் தந்த நாடு எது என்பதற்கும் விளக்கு எந்தப் பக்கச் சாலைக்கு உரியது என்பதற்கும் தொடர்பு இல்லை. ஜெர்மனியில் அங்கீகாரம் பெற்ற விளக்கு இடப்பக்கச் சாலைக்காகவே செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். நாம் தேட வேண்டியது அந்த வட்டத்தின் அருகிலுள்ள அம்புக்குறியை. விளக்குக்கு எதிரே நின்று பார்க்கும்போது உங்கள் வலக்கைப் பக்கம் காட்டும் அம்பு இருந்தால், அது இடப்பக்கம் ஓடும் நாடுகளுக்கு உரியது. இரண்டு முனையும் கூராக உள்ள அம்பு இருந்தால், அந்த விளக்கை இரு வகைக்கும் மாற்றிக்கொள்ளலாம். சில புரொஜெக்டர்களில் பின்மூடியைத் திறந்தால் அதற்கென்றே சிறு நெம்புகோல் ஒன்று தெரியும். அம்பே இல்லையென்றால் அது வலப்பக்கம் ஓடும் நாடுகளுக்கு மட்டுமே உரியது.

அமெரிக்கச் சந்தைக்கான விளக்குகளில் இந்த அம்பு இருக்காது. ‘டி.ஓ.டி.’ என்ற மூன்று ஆங்கில எழுத்து இருக்கும். அதோடு ‘வி.ஓ.எல்.’ அல்லது ‘வி.ஓ.ஆர்.’ என்றும் இருக்கும். இந்தக் கடைசி எழுத்தை ‘லெஃப்ட்’, ‘ரைட்’ என்று படித்து, இடது விளக்கு வலது விளக்கு என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். விளக்கைச் சரிசெய்யும்போது வெளிச்சக் கோட்டின் எந்தப் பாதியைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்பதையே அது சொல்கிறது. இரு பக்க விளக்கிலும் ஒரே குறிதான் இருக்கும்.

உங்கள் விளக்கில் அம்பு பொருந்தவில்லையென்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மற்ற எந்தக் குறையோடும் நான் சமரசம் செய்துகொள்வேன், இதோடு மட்டும் முடியாது.

கேள்வி: எண்ணும் அம்பும் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கடையில் விளக்கைக் கையில் எடுத்ததும் என்னென்ன பார்க்க வேண்டும்? தூசி படிந்த குவியலில் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரிகின்றன.

பதில்: ஈரத்துணி ஒன்றும், கைக்கு அடக்கமான ஒரு டார்ச்சும் கொண்டுபோங்கள். தூசியைத் துடைப்பதற்கு முன், விளக்கைக் காதருகே வைத்து மெதுவாகக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது உருண்டால், உடைந்த ஒரு பாகம் அங்கே கிடக்கிறது என்று பொருள். அது ஒன்றுமில்லாத ஒரு கிளிப்பாகவும் இருக்கலாம், புரொஜெக்டரைத் தாங்கும் கொக்கியாகவும் இருக்கலாம்.

அடுத்தது மெக்கானிக்குகள் ‘காது’ என்று சொல்லும் பொருத்துமுனைகள். மோதலில் முதலில் ஒடிவது இவைதான். கூட்டை விடக் காது முன்னால் ஒடியும்படி வடிவமைத்திருப்பதும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நானே இதில் ஏமாந்தேன். மூன்று காதும் முழுதாக இருந்த ஒரு விளக்கை வாங்கி வந்து மாட்டினேன். மேடுபள்ளத்தில் பத்து நாள் ஓடியதும் விளக்கு தலையாட்டத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால், மேல்காது எப்போதோ ஒடிந்து, பசையால் ஒட்டப்பட்டு, அதன்மேல் கறுப்பு பெயின்ட் பூசப்பட்டிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு காதின் அடிப்பகுதியிலும் நகத்தை ஓட்டிப் பார்க்கிறேன். வார்த்த பிளாஸ்டிக் ஒரே மட்டமாக வழுக்கும். ஒட்டிய இடத்தில் நகம் தடுக்கும், பெயின்ட் மினுமினுப்பும் வேறாக இருக்கும். சில மாடல்களுக்கு, ஒடிந்த காதுக்குப் பதிலாக ஸ்க்ரூ வைத்துப் பொருத்தும் மாற்றுத் துண்டை நிறுவனமே விற்கிறது. அப்படிப்பட்ட மாடலென்றால் ஒடிந்த காதைக் காட்டி விலையைக் குறைத்து வாங்குவதில் தவறில்லை.

பிறகு லென்ஸ். இப்போதைய ஹெட்லைட் லென்ஸ் கண்ணாடியல்ல, பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். அதன் மேல் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மெல்லிய பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சு தேய்ந்ததும் மஞ்சளாகும். மேற்புற மஞ்சளைத் தேய்த்து எடுத்து, மறுபடியும் புற ஊதாப் பூச்சு அடித்துவிடலாம். ஆகவே மஞ்சள் என்ற ஒரே காரணத்துக்காக நல்ல விளக்கை ஒதுக்க வேண்டாம். (பற்பசையால் தேய்த்தால் போதும் என்பார்கள். பளிச்சென்றுதான் ஆகும்; மிச்சமிருந்த பூச்சையும் சேர்த்துத் தேய்த்துவிட்டதால், சில மாதத்தில் முன்னிலும் மோசமாக மஞ்சளிக்கும்.) தேய்த்தும் போகாதது, லென்ஸின் உள்ளே சிலந்திவலை போல் ஓடும் மயிரிழை விரிசல். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் அவை வெள்ளி இழைபோல் மின்னும். அவை வெளிச்சத்தைச் சிதறடிப்பதால், அந்த விளக்கு வேண்டாம்.

இனி டார்ச்சைப் பல்பு இருக்கும் ஓட்டை வழியாக உள்ளே விட்டுப் பாருங்கள். ரிஃப்ளெக்டரில் பல்புக்கு நேர் மேலே பழுப்பாகவோ, கண்ணாடிக்குப் பின்பூச்சு உரிந்தது போலவோ இருந்தால், யாரோ அளவுக்கு மீறிய வாட் உள்ள பல்பைப் போட்டு அதை வேகவைத்திருக்கிறார்கள். லென்ஸ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த விளக்கு சாலையில் ஒளி தராது. ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைத்துச் சரிசெய்யவும் முடியாது, துடைத்தால் பூச்சுதான் கையோடு வரும். கூட்டின் அடித்தளத்தில் காய்ந்த நீர்வட்டமோ, மண்கோடோ தெரிந்தால் மூட்டு வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது. மழைக்குப் பிறகு லென்ஸின் உட்புறம் மெல்லிய ஆவி படிந்து, விளக்கு எரிந்ததும் மறைவது வேறு. கூட்டுக்கு மூச்சு விடும் துளைகள் உண்டு என்பதால் அது இயல்பானதே.

கடைசியாகப் பின்பக்கம். உயரத்தையும் பக்கத்தையும் சரிசெய்யும் இரண்டு ஸ்க்ரூக்களையும் இரண்டிரண்டு சுற்று திருப்பி, உள்ளே ரிஃப்ளெக்டர் அசைகிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூ சுற்றினாலும் உள்ளே அசைவு இல்லையென்றால் பிளாஸ்டிக் மரை தேய்ந்துவிட்டது. பிறகு அந்த விளக்கை எந்த நாளும் நேர்ப்படுத்த முடியாது. பல்பின் பின்மூடி, பல்பு ஹோல்டர்கள், உயரம் மாற்றும் சிறு மோட்டார் ஆகியவை கூடவே வருகின்றனவா என்று கேளுங்கள். தனித்தனியாகத் தேட நேர்ந்தால், மலிவாக வாங்கிய மகிழ்ச்சி அத்தோடு போய்விடும். பின்மூடி இல்லாத ஹெட்லைட்டுக்குள் ஒரே மழைக்காலத்தில் எவ்வளவு தூசியும் ஈரமும் சேரும் என்பதைக் கழற்றிப் பார்த்தவர்கள் அறிவார்கள். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதை எழுதிய ரசீதையும் மறக்காமல் வாங்குங்கள். விலையுயர்ந்த விளக்குகள் நிறுத்தி வைத்த கார்களிலிருந்து திருடுபோவதும் உண்டு.

கேள்வி: என் காரில் ஹாலஜன் விளக்கு. அதே மாடலின் உயர்வகையிலிருந்து கழற்றிய செனான் விளக்கு ஜோடி சகாயமாகக் கிடைக்கிறது. போல்ட் துளைகள் எல்லாம் ஒன்றே. மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: ஆசை நியாயமானதுதான். எச்7 ஹாலஜன் பல்பு 55 வாட்டில் ஏறக்குறைய 1,500 லூமன் வெளிச்சம் தரும்போது, டி2எஸ் என்னும் செனான் பல்பு 35 வாட்டில் 3,200 லூமன் தருகிறது. ஆனால் செனான் நேரடியாக 12 வோல்ட்டில் எரிவதில்லை. பற்றவைக்கும் கணத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் கொடுத்து, பிறகு எரியும் மின்னழுத்தத்தில் நிலைநிறுத்தும் பேலாஸ்ட் என்ற பெட்டி அதற்கு வேண்டும். விளக்கு ஜோடியில் பேலாஸ்ட் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இருந்தாலும், உங்கள் காரின் வயரிங்கில் அதற்குரிய கம்பிகள் வந்திருக்காது. காரின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஹாலஜன் பல்பு இழுக்கும் மின்னோட்டத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்து, பல்பு போய்விட்டதாக எச்சரிக்கை காட்டிக்கொண்டே இருக்கும். அதைப் புதிய விளக்குக்கு ஏற்ப மென்பொருள் வழியே மாற்ற வேண்டியிருக்கும். சில கார்களில் எல்.இ.டி. விளக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி அது பிறந்த காரோடு பிணைக்கப்பட்டிருப்பதால், நிறுவனத்தின் கருவியில்லாமல் இன்னொரு காரில் அது முழுமையாக வேலை செய்யாது.

இதைவிட முக்கியமானது உயரம். 2,000 லூமனைத் தாண்டும் விளக்குக்கு, பின்னிருக்கையில் ஆளோ சுமையோ ஏறியதும் தானாகவே தாழ்ந்துகொள்ளும் அமைப்பும், லென்ஸைக் கழுவும் அமைப்பும் வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் விதி. உயர்வகைக் காரில் சக்கர அச்சுகளின் அருகே அதற்கான உணரிகள் இருக்கும். உங்கள் காரில் இருக்காது. விளக்கை மட்டும் கொண்டுவந்து மாட்டினால், நான்கு பேர் ஏறியதும் அவ்வளவு வெளிச்சமும் எதிரே வருபவரின் முகத்துக்குப் போகும். உணரி, வயரிங், கழுவும் குழாய், மென்பொருள் எல்லாம் சேர்ந்தே மாற்றுவதாக இருந்தால் செய்யலாம்; அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகும் சகாயம் என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள்.

ஹாலஜன் கூட்டிலேயே செனான் அல்லது எல்.இ.டி. பல்பைச் செருகுவது பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஹாலஜன் இழை எந்த இடத்தில், எந்த நீளத்தில் எரியும் என்பதை வைத்தே அந்த ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு முகமும் வளைக்கப்பட்டிருக்கிறது. ஒளிபிறக்கும் இடம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் வெட்டுக்கோடு கலங்கிவிடும். பழைய விளக்கு வாங்கும்போது உள்ளே இப்படிப்பட்ட பல்பு இருந்தால், அதை எடுத்துவிட்டு விளக்குக்கு உரிய பல்பைப் போடுங்கள்.

கேள்வி: ஒரு பக்கம் மட்டும் உடைந்தால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. மாற்றும் விளக்கு அதே வகையாகவும் அதே பல்பு கொண்டதாகவும் இருந்தால் ஒன்று போதும். ஆனால் மற்றப் பக்கத்து லென்ஸ் மங்கியிருந்தால் அதையும் தேய்த்துப் பூச்சு அடித்துவிடுங்கள். பல்பை மட்டும் இரண்டிலும் ஒரே நாளில் மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கம் வெள்ளையாகவும் மறுபக்கம் தேன்நிறமாகவும் எரியும். ஒரு பக்கம் கார் நிறுவனத்தின் விளக்கும், மறுபக்கம் வேறு நிறுவனம் செய்த மாற்று விளக்கும் இருந்தால், பகலில் தெரியாத வேறுபாடு இரவில் சுவரில் தெரியும். அதனால்தான் புதிய மாற்று விளக்கைவிட, அதே காரிலிருந்து கழற்றிய பழைய அசல் விளக்கு பல நேரங்களில் மேலானது என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: பழைய விளக்கு வாங்கி மாட்டி ஒரு வாரம் ஆகிறது. எதிரே வருபவர்கள் எல்லோரும் எனக்குப் பிரைட் அடித்துக் காட்டுகிறார்கள். நான் டிம்மில்தான் போகிறேன். எங்கே தவறு?

பதில்: வாங்கிய விளக்கு அதன் பழைய காருக்கு ஏற்ப நிறுத்தப்பட்டிருந்தது, உங்கள் காருக்கு அதை யாரும் இன்னும் நேர்ப்படுத்தவில்லை. முதலில் சென்ற பதிலொன்றில் சொன்ன அம்புக்குறியைப் பார்த்துவிடுங்கள். அது சரியென்றால், மீதி வேலையை ஒரு சுவர் முன்னே முடித்துவிடலாம்.

ஹெட்லைட்டின் அருகிலோ என்ஜின் அறையிலுள்ள ஒட்டுத்தாளிலோ ஒரு விளக்குப் படமும், பெரும்பாலும் 1.0% அல்லது 1.2% என்ற அளவும் இருக்கும். ஒரு சதவீதம் என்றால், 10 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 10 சென்டிமீட்டர் இறங்க வேண்டும் என்று பொருள். விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அந்தச் சாய்வில் வெளிச்சக் கோடு 65 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். அந்த ஒரு சதவீதம் இல்லாமல் போனால் கோடு தரையைத் தொடவே தொடாது. ஒரு சதவீதம் எவ்வளவு சிறியது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஸ்க்ரூவில் அது ஓரிரு சுற்றுதான்.

டயர்களின் காற்றைச் சரிபார்த்து, உள்ளிருக்கும் மூட்டைகளை இறக்கி, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, உயரம் மாற்றும் சுவிட்சைப் பூச்சியத்தில் வையுங்கள். சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்தி, முன்பக்கத்தை இரண்டு முறை அழுத்தி விடுங்கள், ஸ்பிரிங் தன் இடத்துக்கு வரும். விளக்கின் நடுமையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதில் 10 சென்டிமீட்டர் குறைத்துச் சுவரில் ஒரு நாடா ஒட்டுங்கள். ஒட்டுத்தாளில் 1.2% இருந்தால் 12 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். டிம் வெளிச்சத்தின் தட்டையான மேல்விளிம்பு அந்த நாடாவில் உட்கார வேண்டும். அது ஓரப் பக்கம் மேலே ஏறத் தொடங்கும் முறிவுப்புள்ளி, விளக்கின் மையத்துக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். சரிசெய்யாத விளக்கைக் கனமான துணியால் மூடிவிட்டு ஒன்றொன்றாகச் செய்யுங்கள், இரண்டும் கலந்தால் கோடு தெரியாது.

ஒரு விளக்கை இனிமேல்தான் கழற்றப்போகிறவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. உடையாத பக்கத்து விளக்கின் கோட்டை, கழற்றுவதற்கு முன்பே சுவரில் குறித்து வையுங்கள். வந்து சேரும் விளக்கை அந்த உயரத்துக்குக் கொண்டுவந்தால் போதும். போல்ட்டுகளை முழுவதுமாக முறுக்குவதற்கு முன் பானட்டை மூடிப் பார்த்து, விளக்குக்கும் பம்பருக்கும் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று கவனியுங்கள். கோணலாக உட்கார்ந்த கூட்டை ஸ்க்ரூவால் நேர்ப்படுத்தப் போனால், ஸ்க்ரூவின் எல்லை முடிந்துவிடுமே தவிர கோடு நேராகாது. இத்தனைக்குப் பிறகும் கோடு நாடாவுக்கு வராவிட்டால், பல்பைக் கழற்றி அதன் தட்டு ஹோல்டரின் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் சந்தேகம் வந்தது அதன் மேல்தான்.